கொழும்பு பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிறுதோறும் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எய்ட்ஸ் பற்றிக் கேட்க நினைப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்று போன மாதம் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தேன். கொப்பியில் கிழித்த தாள்களால் நிறைந்துவிட்டது. "நுளம்பு கடித்தால் வருமா?", "ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால்?" இப்படித்தான் பெரும்பாலும். வராது என்று சொல்லிவிடலாம். எட்டாக மடித்த ஒரு சீட்டில் மட்டும், "டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குக் கடிதம் வருமா?" என்று இருந்தது. அதற்குப் பிறகு அன்றைக்குக் கணக்குப் பாடம் நடத்த மனம் வரவில்லை.

நம் நாட்டில் எச்ஐவி குறைவுதான். வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோர் கூடிக்கொண்டு வருகிறார்கள். 2022இல் மட்டும் 600 பேருக்கு மேல்.

எங்கள் பிள்ளைகள் பலர் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஆணுறை பற்றி யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. சுகாதாரப் பாடத்தில் அந்தப் பக்கம் வந்ததும் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவள்தான்.

தொற்று இருந்தாலும் பல வருஷம் ஆள் நன்றாகவே இருப்பார்; இரத்தம் பார்த்தால்தான் தெரியும். அரச பாலியல் நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விவரம் வெளியே போகாது. மருந்தை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவால் அடுத்தவருக்குப் பரவாது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்தானே? மருத்துவிச்சி லயத்துக்கே வந்து பதிகிறார். கிளினிக்கில் மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு எச்ஐவியும் பார்த்துவிடுகிறார்கள், கூச்சத்துக்கே இடமில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனமே இலங்கைக்குச் சான்று தந்தது.

அதே மாதிரி, பரீட்சை முடிகிற வாரத்தில், தமிழ் பேசும் தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ தோட்டத்துக்கு வந்து ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஆணுறையை எப்படிப் பாவிப்பது, நுவரெலியா கிளினிக்கில் யாரிடம் போய் என்ன கேட்பது என்பது வரைக்கும் சொல்ல வேண்டும். இடத்தையும் கதிரைகளையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்குக் கடிதம் வராது என்பதை அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும்.

ஞாயிறு வகுப்பு ஆசிரியை,
தலவாக்கலை.