காட்டு வாசலில் ஒரு பலகை

உம்சிண்டோ, தென்னாப்பிரிக்கா,
அக்டோபர் 19

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் இரண்டு கடிதங்களும் சுவர்க் கடிகாரத்தின் பின்னால் செருகியபடியே இருக்கின்றன. எட்டு மாதமாகப் பதில் எழுதாதது என் தவறு. திட்டுவதாக இருந்தால் தனித்தாளில் எழுது. உன் கடிதங்களைச் சரோஜாதான் முதலில் பிரிக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி தவிர வேறொன்றும் இல்லை. குமரன்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். மகள் டெக்சாஸில் சுகமாக இருக்கிறாள். உன் பேத்தியின் கல்யாணப் படங்கள் வந்தன. மாப்பிள்ளை நம் விடுதி வார்டன் சாயலில் இருக்கிறார், பார்த்து நடந்துகொள். பாலு போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி இன்று எழுத என்னால் முடியாது.

இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. எங்கள் காட்டின் வாசலில் ‘உள்ளே வராதே’ என்று பலகை வைத்தேன். வைத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்தக் காட்டை நீ பார்த்ததில்லை, சொல்லிக் கேட்டிருக்கிறாய். மேட்டில் கரும்பு, சரிவில் ஓடை வரைக்கும் பதினோரு ஏக்கர் மரங்கள். தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து, ஐந்தாண்டுக் கெடு முடித்து, காய்கறி விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய நிலம். சரிவில் கரும்பு நிற்காது என்பதால்தான் காடு பிழைத்தது. இப்போது அதில் ஒரு மரத்தை நானே வெட்ட வேண்டுமென்றாலும் உரிமம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் அப்படி. எனக்கு அதில் வருத்தமில்லை. வெட்டுகிற எண்ணமும் இல்லை.

போன வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, படையலுக்குப் பூப்பறிக்கக் கீழே இறங்கினேன். கிளைவியா பூக்கிற பருவம். மரநிழலில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும். ஜூலு மக்கள் அதை உமயீமே என்கிறார்கள், மருந்துக்கு வேர் எடுப்பார்கள். ஒரு பூ இல்லை. அறுபது எழுபது குழிகள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெரிய மரம் ஒன்றில், என் இடுப்பிலிருந்து கைக்கெட்டும் உயரம் வரை பட்டையைச் சுற்றி உரித்திருந்தார்கள். சுற்றிலும் உரித்தால் மரம் பிழைக்காது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சமாக எடுத்தால் ஆறிவிடும். பழைய வைத்தியர்களுக்கு அது தெரியும். இது வைத்தியர் வேலையில்லை. மூட்டை கட்டி டர்பனில் வார்விக் சந்திப்பு மூலிகைச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள் செய்த வேலை. அவர்களும் வயிற்றுக்காகத்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனாலும் அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றபோது எனக்குக் கை நடுங்கியது.

பிறகு கண்ணிகள். சைக்கிள் பிரேக் கம்பியில் போட்ட சுருக்கு. இங்கே சின்ன மான் ஒன்று உண்டு, நாலைந்து கிலோதான் இருக்கும். ஜூன் மாதம் ஒரு காலையில் அதைக் கண்டேன். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குச் சருகெல்லாம் வழித்துப்போய், வட்டமாக வெறும் மண் தெரிந்தது. இரவு முழுக்கச் சுற்றியிருக்கிறது. நான் போனபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

அன்று மாலையே குமரன் பலகை வைத்தாக வேண்டும் என்றான். நான் மறுக்கவில்லை. வக்கீலைப் பார்த்தோம். 1959ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் நுழைந்தால் 2,000 ராண்ட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பலகை இருந்தால்தான் குற்றம் என்றில்லை. ஆனால் பலகை இருந்தால், ‘தெரியாமல் வந்துவிட்டேன்’ என்று சொல்ல இடமிருக்காது என்றார். அந்த 1959 என்ற எண் என் காதில் உறுத்தியது. நிறவெறி ஆட்சியின் அந்த ஆண்டுகளில் எழுதிய சட்டங்கள் யாரை எங்கே நிறுத்தின என்று உனக்கு விடுதி மொட்டை மாடியில் எத்தனை இரவு சொல்லியிருக்கிறேன்!

முதலில் தகரப் பலகை நான்கு வைத்தோம். மரத்தில் ஆணி அடிக்க மனம் வராமல் கம்பம் நட்டோம். மூன்று வாரத்தில் இரண்டு காணாமல் போயின. தகரத்துக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. இதைக் கேட்டு மகள் தொலைபேசியில், டெக்சாஸில் பலகையே வேண்டாம், மரத்தில் ஊதாப் பெயின்ட் பூசினால் போதும் என்றாள். 1997லிருந்து அங்கே அது சட்டமாம். கோடு செங்குத்தாக இருக்க வேண்டும். 8 அங்குல நீளத்துக்கும் 1 அங்குல அகலத்துக்கும் குறையக் கூடாது. கோட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 3 அடிக்குக் கீழேயும் 5 அடிக்கு மேலேயும் போகக் கூடாது. காட்டு நிலமானால் 100 அடிக்கு ஒன்றாவது வேண்டும். நல்ல யோசனைதான். பெயின்டை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் இந்த ஊரில் ஊதாக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? கோவில் திருவிழாவுக்குப் பூசியது என்று நினைப்பார்கள்.

ஆகவே மரப்பலகைதான். என்ன எழுதுவது என்பதில் எனக்கும் குமரனுக்கும் சண்டை. கடையில் அச்சடித்தே விற்கிறது ஒன்று, அத்துமீறுபவர் சுடப்படுவர் என்று, துப்பாக்கிப் படத்தோடு. அதைத்தான் வாங்கி வந்தான். அவன் மேல் குற்றமில்லை. பக்கத்துத் தோட்டங்களில் என்னென்ன நடந்திருக்கிறது என்று அவன் கண்ணால் பார்த்தவன். ஆனால் அதை என் வாசலில் நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் நானே வெள்ளை அடித்து, சிவப்பில், ஆங்கிலத்தில் ஒரு வரியும் அதன் கீழே ஜூலுவில் ‘அகுங்கென்வா’ என்றும் எழுதினேன். நுழையக் கூடாது என்று அர்த்தம். ஒரே சொல்.

எழுதி முடித்துத் தூரிகையைக் கழுவும்போது அப்பா ஞாபகம் வந்துவிட்டது. டர்பன் கடற்கரை. எனக்கு ஏழு வயது. மணலில் ஒரு பலகை, வெள்ளையருக்கு மட்டும் என்று ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும். அப்பாவுக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன், படிக்கத் தெரிந்த பெருமையோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, எங்களுக்கென்று ஒதுக்கிய துண்டு வரைக்கும் வெயிலில் நடந்தார். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்தப் பலகையிலும் வெள்ளை அடித்த மேல்தான் எழுத்து.

இது வேறு, அது வேறு என்று சரோஜா சொன்னாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் பலகை நின்றது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவன் வாசலில் ஒரு கிழவியைப் பார்த்தேன். இங்கே கோகோ என்போம், பாட்டி என்று அர்த்தம். எண்பதுக்கு மேல் வயது. கறுப்புக் குடை, நல்ல சேலைத் துணி போலப் போர்வை, பக்கத்தில் பதினைந்து வயதுப் பேரன். பலகைக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பேரன், ‘ஒரு மணி நேரம் இருக்கும்’ என்றான். பலகையை அவன்தான் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான்.

சொக்கலிங்கம், அதற்கு மேல் எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய அம்மாவும் தம்பியும் எங்கள் காட்டில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஓடைக் கரையில் கற்குவியல் இரண்டு உண்டு. கரும்புக்குப் பொறுக்கிப் போட்ட கல் என்று நான் எழுபது வருஷமாக நினைத்திருந்தேன். தலைமாட்டில் ஒரு முள்மரம், நம் ஊர் இலந்தைக்கு உறவு. அதில் முள் இரண்டிரண்டாக இருக்கும், ஒன்று நேராக, ஒன்று கொக்கிபோல வளைந்து. இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவர அந்தக் கிளையைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். கோகோ அந்த மரத்தடியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். நான் தள்ளி நின்றேன். கிளம்பும்போது எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது.

அவர்கள் குடும்பம் தாத்தா வாங்குவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்கிறது. அப்பா கரும்பை விரித்தபோது ஓடைக்கு அப்பால் போய்விட்டார்கள். அவர் போகச் சொன்னாரா, தாமாகப் போனார்களா? வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்க இன்று யாரும் இல்லை.

வக்கீலிடம் திரும்பப் போனேன். நிலம் யாருடையதாக இருந்தாலும், குடும்பக் கல்லறையைப் பார்க்கவும் பராமரிக்கவும் உரிமை உண்டாம். நிலத்துக்காரர் நியாயமான நிபந்தனை மட்டும் விதிக்கலாம். அந்தச் சட்டமும் 1997தான். ஒரே ஆண்டில் அங்கே ஊதாக் கோடு, இங்கே கல்லறைக்கு வழி. முதல் தடவையே இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். ‘நீங்கள் கல்லறை பற்றிக் கேட்கவில்லையே’ என்றார்.

பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குமரன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகை இல்லாத இந்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு மரம் உரிபட்டிருக்கிறது. ஆகவே பலகை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூட்டைக்காரனையும் கண்ணி வைப்பவனையும் அது நிறுத்த வேண்டும். கோகோவை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது. இவ்வளவையும் இரண்டடிப் பலகையில் எப்படி எழுதுவது?

விடுதியில் மெஸ் தட்டி எழுதியவன் நீதானே! நாலே சொல்லில் வார்டனையே இறங்கி வரச் செய்தாய். அதனால் உன்னிடம் கேட்கிறேன். இரண்டு வரி, தமிழில் எழுதி அனுப்பு. கோகோவின் பேரன் டிசம்பர் பள்ளி விடுமுறையில் வருகிறான். நான் சொல்லச் சொல்ல அவனே ஜூலுவில் எழுதட்டும், அவன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இங்கே தபால் படுகிற பாட்டில் உன் பதில் பொங்கலுக்குத்தான் வரும். ஆகவே உன் பேரனைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல். பலகைக்கு மறுபடி வெள்ளை அடித்து வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். சிவப்பு வேண்டாம் என்று பச்சை வாங்கியிருக்கிறேன்.

பாலுவின் வீட்டு முகவரியையும் எழுது.

உன்
முனுசாமி