வானொலியைச் சுமந்த நேயர்களுக்கு

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் இருந்து சனி, ஞாயிறு விடியற்காலையில் நாங்கள் நடத்திய இணைய வானொலியின் வில்லுப்பாட்டுப் பதிவுகளை ஒருவழியாக இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டோம். கேட்டவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுடையது.

ஒரே நேரத்தில் பலருக்கு ஒலியை அனுப்பும் சர்வர் எங்களிடம் கிடையாது, வாடகைக்கு எடுக்கக் காசும் கிடையாது. இருந்த பிராட்பேண்டில் அப்லோடு வேகம், அதாவது நாங்கள் வெளியே அனுப்பும் வேகம், 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்). 32 கேபிபிஎஸ்ஸில் ஒலிபரப்பினால் கணக்குக்கு நாலு பேர் கேட்கலாம்; நடைமுறையில் மூன்று பேர்தான். அந்த மூவரோடு நின்றிருக்க வேண்டிய வானொலியை ஊர் ஊராகக் கொண்டுபோனது பியர்காஸ்ட் என்ற மென்பொருள். 2002-இல் வந்தது, இலவசம். கேட்கிறவரின் கணினியே அடுத்த இரண்டு பேருக்கு ஒலியைக் கடத்தும், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. கிணற்றடியில் இருந்து குடம் கைமாறிப் போகிற மாதிரி.

இதில் உங்களுக்குச் செலவு இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 14 எம்பி டேட்டா போகும். இரண்டு பேருக்குக் கடத்தினால் இன்னும் 28. மாதத்துக்கு 400 எம்பி என்று அளந்து கொடுத்த காலம் அது. தாண்டினால் பில் எகிறும். சில திட்டங்களில் இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கு இல்லை என்பதால்தான் நாங்கள் ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். பக்தி என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்!

டொராண்டோ அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று இணைப்பில் ஒன்று எப்போதும் அவருக்குத்தான், ஏனென்றால் அவருடைய லைனில் பத்துப் பேருக்கு மேல் தாங்கும். அவருக்கு அது மாலை நேரம்; சமைத்துக்கொண்டே கேட்பாராம். அவர் கணினி அணைந்தால் கீழே இருப்பவர்கள் எல்லாம் சில நொடி தவித்து வேறு ஆளைத் தேடிப் பிடிப்பார்கள்.

அப்புறம், ரவுட்டரில் 7144 போர்ட்டை, அதாவது பியர்காஸ்டுக்கு வெளியில் இருந்து இணைப்பு வரும் வாசலை, திறந்துவிடுவது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் போனிலேயே சொல்லிக்கொடுத்த தம்பி. போர்ட் மூடியிருந்தால் கேட்க முடியும், பிறருக்குக் கடத்துவது கஷ்டம். வானொலியில் எங்களைவிட அதிகம் பேசியவர் அவர்தான். ராத்திரி கடையை அடைத்த பிறகும் ஒரு கணினியை எங்களுக்காக ஓடவிட்ட பிரவுசிங் சென்டர் அண்ணாச்சிக்கும் நன்றி. கரண்ட் பில்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வரிசையின் வால்பக்கம் இருந்தவர்களையும் மறக்கவில்லை. ஒவ்வொரு கைக்கும் சில நொடி தாமதம் சேர்ந்து, நாங்கள் ஆறு மணி என்று சொல்வது உங்களுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் கேட்கும். விடுகதைப் போட்டியில் நீங்கள் கேள்வியைக் கேட்பதற்குள் மேலே இருந்தவர் விடையை அனுப்பிவிடுவார். சண்டை போட்டீர்கள், நியாயம்தான். ஒரு பாட்டு முடியும்வரை வந்த விடைகளை எல்லாம் சேர்த்துக் குலுக்குவது என்ற ஏற்பாடு உங்களால் வந்ததுதான்.

பியர்காஸ்டை எழுதி, மூல நிரலோடு பொதுவில் விட்டவருக்கும், மூலப் பதிப்பு நின்றுபோன பிறகும் அதைக் கைவிடாமல் வளர்த்த ஜப்பானியத் தன்னார்வலர்களுக்கும் எங்கள் வணக்கம்.

நேரடியாகப் பாடிய சில கோயில் கொடைவிழா நிகழ்ச்சிகளை நாங்கள் பதிந்து வைக்கவில்லை. குவைத் நண்பர் ஒருவர் கேட்டதை எல்லாம் சேமித்ததாக ஒருமுறை சொன்ன ஞாபகம். ஐயா, அந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் இருந்தால் ஒரு தகவல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒலிபரப்புக் குழு