கூப்பிட்டால் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் மாஃபியா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் தலைவர்கள் எல்லோருக்கும் 'டான்' பட்டம் சூட்டியிருந்தீர்கள். முத்தமிட்டு வணங்குவதையும் ஏதோ பழம்பெரும் பண்பாட்டின் மிச்சம்போலச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சிசிலியில் அது வெறும் மரியாதைச் சொல், பாதிரியாரைக்கூட 'டான்' என்று அழைப்பார்கள். நியூயார்க்கின் காம்பினோ மாஃபியா கும்பலுக்குத் தலைவராக இருந்த ஜான் கோட்டிக்கு 'டெஃப்லான் டான்' என்று பேர் வைத்ததோ பத்திரிகைகள். ஒட்டாத தோசைக்கல்லின் டெஃப்லான் பூச்சுபோல எந்த வழக்கும் அவர்மேல் ஒட்டவில்லையாம்.

அந்த ஆட்களுக்குள் மரியாதை என்றால் கூப்பிட்டால் வருவது, போக வேண்டிய இடத்துக்குப் போவது. 1985 டிசம்பரில், கோட்டி தலைவராகும் முன், காம்பினோ குடும்பத்தின் (கும்பலை அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டாம் தலைவர் அனியெல்லோ டெல்லாக்ரோச்சே இறந்தபோது, தலைவர் பால் காஸ்டெல்லானோ துக்கத்துக்குப் போகவில்லை. இரண்டே வாரத்தில் மன்ஹாட்டன் உணவகம் ஒன்றின் வாசலில் கோட்டியின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டிக்கு அவரோடு வேறு கணக்குகளும் இருந்தன, சரி. ஆனால் சாவுக்கு வராததை அவர்கள் மன்னிக்கவே இல்லை.

அதே குடும்பத்து ஆளான லூயி டிபோனோ கதை இன்னும் மோசம். கூப்பிட்டபோது வரவில்லை, அதனால் சாகப் போகிறான், வேறு தப்பு எதுவும் செய்யவில்லை என்று கோட்டியே பேசியது அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் ஒலிப்பதிவில் இருக்கிறது. 1990-ல் உலக வர்த்தக மையத்தின் கார் நிறுத்துமிடத்தில் டிபோனோ பிணமாகக் கிடந்தார்.

குடும்பத்தின் தளபதிகள் வாராவாரம் மன்ஹாட்டன் மல்பெரி தெருவிலிருந்த தன் ரேவனைட் கிளப்புக்கு நேரில் வந்து முகம் காட்ட வேண்டும் என்பது கோட்டியின் கட்டளை. எஃப்.பி.ஐ.க்கு இதைவிட என்ன வேண்டும்? யார் வருகிறார், யார் யாரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிடுகிறார் என்று மறைவிலிருந்து படம் பிடித்தார்கள். கிளப்புக்கு மேலிருந்த வீட்டில் ஒலிவாங்கியும் வைத்துவிட்டார்கள். 1992-ல் கோட்டிக்கு ஆயுள் தண்டனை.

நியூயார்க்கின் இன்னொரு கும்பலான ஜெனோவீஸ் குடும்பத்தின் தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே வேறு ரகம். தன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவர். தாடையைத் தொட்டுக் காட்டினால் அவரைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். குளியல் அங்கியோடு தெருவில் அலைந்து மனநோயாளிபோல நடித்து, 1997 வரை தண்டனையைத் தள்ளிப்போட்டார்.

கட்டுரையில் இவருக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதி வருவதாக இருந்தால் இவரைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்