லேப்டாப்புக்கு எஸ்டிமேட் கேட்டால் புது மாடல் விலைப்பட்டியல் தருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி திறக்கும் நேரம் வந்தாலே 'பழைய லேப்டாப்பைக் கொடுங்கள், புதியதை அள்ளுங்கள்' என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

என் மகளின் லேப்டாப் வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிவிட்ட ஒன்று, வாங்கும்போது 46,000 ரூபாய். திடீரென்று ஒரு நாள் சார்ஜர் போட்டாலும் விளக்கு எரியவில்லை, பவர் பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். "மதர்போர்டு போயிருச்சு சார், மாத்தணும், 27,500, ஜிஎஸ்டி தனி" என்றார்கள். எல்லாப் பாகங்களும் சேர்ந்திருக்கும் அந்த முதன்மைப் போர்டில் எது போயிருக்கிறது என்று கேட்டால் "போர்டுதான் சார்". அதோடு விட்டார்களா, "இதுக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே எடுத்துடலாமே" என்று புது மாடல்களின் விலைத்தாளை மேசையில் எடுத்து வைத்தார் அந்தப் பையன். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் டார்கெட் இருக்கும். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு 'மதர்போர்டு பழுது' என்று இரண்டே வார்த்தை வந்தது. அதற்குப் பார்வைக் கட்டணம் வேறு.

அதே லேப்டாப்பை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டையே மாற்றாமல் அதிலுள்ள சின்னப் பாகங்களைச் சரிசெய்யும் வேலை, செய்யும் ஒருவரிடம் காட்டினோம். அவர் என் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை வைத்தார், பீப் என்று கத்தியது. மெயின் லைன் ஷார்ட், அதாவது மின்சாரம் வழி தவறிப் பாய்கிறது என்றார். அப்புறம் குறைந்த வோல்டேஜில் கரண்ட் கொடுத்துவிட்டு தெர்மல் கேமராவைப் பிடித்தார், திரையில் போர்டு முழுக்க நீலமாக இருக்க ஓரிடம் மட்டும் வெள்ளையாகச் சுட்டது. கடுகில் பாதி இருக்கும் ஒரு கெப்பாசிட்டர். அதை எடுத்துவிட்டு வேறொரு செத்த போர்டிலிருந்து ஒன்றைப் பெயர்த்து வைத்தார். மொத்தம் 2,800 ரூபாய். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்காக ரிச்சி தெருவுக்கு ஜே போடச் சொல்லவில்லை. ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட் பேட்டரி மாட்டிவிடுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், ரேமை (தற்காலிக நினைவகத்தை) மாற்றி வைத்துவிடுவார்களோ, உள்ளே இருக்கும் படங்களையும் பேங்க் விவரங்களையும் நோண்டுவார்களோ என்ற பயம் நியாயமானதே. டீயோ தண்ணீரோ கொட்டிய போர்டு என்றால் நானே செலவு செய்ய மாட்டேன், சுத்தம் செய்தால் உயிர் வரும், ஆனால் சிப்புக்கு அடியில் அரிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம், சில மாதத்தில் மறுபடியும் படுத்துவிடலாம். கிராபிக்ஸ் சிப் போன பழைய மெஷினும் அப்படித்தான், ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

மற்றபடி பேட்டரி, கீபோர்டு, ஹிஞ்ச் (திரையைத் தாங்கும் கீல்), சார்ஜிங் பின் இதற்கெல்லாம் லேப்டாப்பை மாற்றுவது அநியாயம். (பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், விளையாட்டில்லை.) 'ரொம்ப ஸ்லோ' என்று எக்ஸ்சேஞ்சில் போகும் பழைய லேப்டாப்புகளில் எத்தனையோ, ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றைப் போட்டால் பறக்கக்கூடியவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதும், விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் உள்ளவர்களிடம் 'இனி இது குப்பை' என்று சொல்லி விற்பது ஆரம்பித்துவிட்டது. தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். அதோடு 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதில் புது லேப்டாப்பும் மலிவாக இல்லை. மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள், பின்னால் கூட்டுவதும் கஷ்டம், கெட்டால் அதை மட்டும் மாற்றுவதும் கஷ்டம். விற்கும்போது எந்தக் கடைக்காரராவது இதைச் சொன்னாரா?

பழுதுச் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கணக்கு சரி. ஆனால் செலவு எவ்வளவு என்று சொல்கிறவரும் புதிதை விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அது எப்போதும் பாதியைத் தாண்டத்தான் செய்யும். எங்கள் வீட்டுக் கதையில் 27,500-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம், 2,800-ஐ வைத்துப் போட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

இதில் அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது, கம்பெனிகள் வாரண்டி, உதிரிபாகம், கையேடு விவரங்களை அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த சர்வீஸ் சென்டரிலும் இப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் கொடுப்பது பற்றி அந்தத் துறை அமைத்த குழுவும் 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிரான்சில் 2021 ஜனவரி முதலே லேப்டாப் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று அந்த மதிப்பெண்ணை ஒட்ட வேண்டும். நம்மூரில் ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் பார்த்து வாங்க மக்கள் பழகவில்லையா, இதற்கும் பழகிவிடுவார்கள்.

மதிப்பெண் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பார்வைக் கட்டணம் வாங்கும் எந்த சர்வீஸ் சென்டரும் போர்டில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதை மட்டும் சரிசெய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், மாற்றினால் கழற்றிய பழைய போர்டை வாடிக்கையாளர் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு உத்தரவு போதும். கையில் அந்தச் சீட்டு இருந்தால் இன்னொரு இடத்தில் காட்டி விலை விசாரிக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தாலும் காட்ட ஒரு ஆதாரம் இருக்கும். துறை அதிகாரிகள் யாராவது இந்தப் பகுதியைப் படித்தால் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை