ஊரை எழுதும்போது நிலத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் வாழ்ந்த ஊர்களையும் சுற்றித் திரிந்த நிலப்பகுதிகளையும் பற்றி வாசகர்கள் எழுதும் நினைவுக் கடிதங்களைத் தங்கள் இதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அஞ்சல் துறைப் பணியில் வாணியம்பாடி, ஆலங்காயம், வாலாஜாபேட்டை என்று மாற்றலாகிச் சென்று, இப்போது சத்துவாச்சாரியில் ஓய்வில் இருக்கும் நான் அப்பக்கத்தை விடாமல் படிப்பவன். வட ஆர்க்காட்டைப் பற்றி வரும் கடிதங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வேலூர்க் கோட்டை அகழி, ஆம்பூர் பிரியாணி, ஆற்காட்டு மக்கன்பேடா, ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. பிரியாணியின் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதுதான் என் வருத்தம். ஊருக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த ஏரி எந்த மாதத்தில் நிரம்பிக் கோடி போயிற்று, கிணற்றில் எத்தனை முழத்தில் நீர் தெரிந்தது என்பவற்றை அங்கே குடியிருந்தவர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைச் சிறிது தொலைவு கடந்து, புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆற்றை, மேலே நீர் ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து மதிப்பிடுவது வெளியூர்க்காரர்களின் வழக்கம். மேலே வறண்டு கிடந்த காலத்திலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. ஆற்றுப்படுகையில் சரிவு பார்த்து நீளமாக வெட்டிய ஊற்றுக்கால்களில் அந்த நீர் தானே கசிந்து சேர்ந்து, கரையோர வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பாய்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் மணல் மூடிவிடும் கால்களைப் பருவத்துக்கு முன்பே ஊரார் கூடித் தூர்வார வேண்டும் என்பதால், எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும், யாருடைய முறை எப்போது என்பதெல்லாம் எழுதாத சட்டமாகவே இருந்தது என்று வாலாஜாபேட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அளவில்லாமல் மணல் அள்ளியதாலும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதாலும் நிலத்தடி நீர் இறங்கிவிட்ட பிறகு, கால் வெட்டுவதற்கு உரிய காரணமே போய்விட்டது. முறை வைத்துக் கால் வெட்டியவர்களில் இன்று எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்?

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்கே நீர் குறைந்ததோடு அதன் குணமும் மாறியது. ஆற்றங்கரைத் தென்னந்தோப்புகளுக்குப் பேர்போன அந்தப் பகுதியில், தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறைக்க முடியாது; அதன் கழிவுநீர் கிணறுகளை உப்பாக்கியது என்பதையும் மறைக்க முடியாது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இது தொடர்பாக வழங்கிய தீர்ப்பு, சூழலைக் கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியதால் சட்ட மாணவர்கள் அனைவரும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் எந்தத் தெருக் கிணறு எந்த ஆண்டில் முதன்முதலாகக் கரித்தது என்பது அந்தத் தீர்ப்பில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்திய பெண்கள் மட்டுமே.

"சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு" என்று வேலூரைக் கேலி பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981ஆம் ஆண்டிலேயே எழுந்தருளிவிட்டார். வாணியம்பாடியைச் சூறையாடிய 1903ஆம் ஆண்டு வெள்ளத்தை அதன் பிறகு பிறந்தவர்கள் கதையாகக் கேட்டுவந்த நிலையில், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். கேலிக்கு இப்போது ராஜா மட்டும்தான் மிச்சம்.

மலையைப் பற்றியும் ஒரு சொல். ஆலங்காயத்தில் இருந்தபோது ஜவ்வாது மலையில் நிறையச் சுற்றியிருக்கிறேன். சாமை, புளி, கடுக்காய், தேன், பலா என்று மலையாளி பழங்குடியினர் தலைச்சுமையாகக் கீழே கொண்டுவரும் பொருள்களை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். அங்குள்ள காவலூரில் வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960களின் இறுதியில் வானாய்வகம் அமைத்ததற்கு அந்த மலையின் இருட்டும் ஒரு காரணம். 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே இயங்கத் தொடங்கியது. இந்தச் செய்திகளை எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம். மலைக்கிராமங்களுக்கு மின்விளக்கு வருவதற்கு முன் அந்த இருட்டு எப்படி இருந்தது, மாலைக்குப் பிறகு ஒற்றையடிப் பாதையில் எதை அடையாளமாக வைத்து நடந்தார்கள் என்பதை அங்கே பிறந்தவர்தான் எழுத வேண்டும்.

இடத்தைச் சொல்வதற்கு நம் பகுதியிலேயே பழைய முன்மாதிரி உண்டு. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்மப் பல்லவன், மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் அதை அமைத்ததாகக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். ஊரின் பெயரும் ஏரியின் பெயரும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. (ஊர், ஏரி, கோயில் மூன்றிலும் தன் பெயரையே வைத்துக்கொண்டது அரசனின் ஆசை; அதை விட்டுவிடுவோம்.)

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1911 வரை சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த வட ஆர்க்காடு மாவட்டம், 1989இல் பிரிந்து திருவண்ணாமலையைத் தனியே விட்டது. எஞ்சிய பகுதியும் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆண்டைக் குறிக்காமல் "எங்கள் மாவட்டம்" என்று எழுதினால், இளைய வாசகருக்கு எந்த நிலம் என்றே விளங்காது. ஆகவே நினைவுக் கடிதம் எழுதுவோர் ஆண்டையும், ஊரையும், அருகிலுள்ள ஏரி அல்லது ஆற்றின் பெயரையும் கட்டாயம் குறிக்க வேண்டும் என்று தாங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் நல்லது.

வாலாஜா அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குச் செல்லும் கால்வாயை ஒட்டி வாழ்ந்தவர்களும், பாலாற்றில் ஊற்றுக்கால் வெட்டப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அந்தக் கால்களின் பெயர்களையும் அவை பாய்ந்த வயல்களையும் எழுதி அனுப்ப முன்வந்தால், கடிதம் சற்று நீண்டிருந்தாலும் சுருக்காமல் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.