தங்கச்சியின் கலியாணம்: யாருக்கு என்ன வேலை

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை மாமாங்கேஸ்வரர் கோயிலில் தாலிகட்டு, மத்தியானச் சாப்பாடு கல்லடி மண்டபத்தில்.

சித்தாண்டியில் சொல்லிவைத்த 40 சட்டி எருமைத் தயிரை மச்சான்மார் இரண்டு பேரும் வியாழன் பின்னேரமே ஏற்றி வர வேண்டும். ஓட்டோ வேண்டாம், வேன் பிடியுங்கள். சட்டிகளுக்கு இடையில் வைக்கோல் திணித்தால்தான் பாலம் தாண்டி முழுசாக வந்து சேரும். அண்ணாவின் கலியாணத்தில் 7 சட்டி உடைந்து, வேனுக்குள் ஒரு கிழமை புளிச்ச மணம்!

நிறைகுடம், குத்துவிளக்கு, ஆலாத்தித் தட்டு பெரியம்மா பொறுப்பு. அவவுக்கு யாரும் யோசனை சொல்லப் போகாதீர்கள். கூறைத் தட்டு மாமியிடம். பந்தி பரிமாற என் கூட்டாளிமார் 6 பேர். போன் பார்ப்பதெல்லாம் கடைசிப் பந்திக்குப் பிறகு, சரியா?

வாழையிலை துடைக்க இன்னும் 2 பேர் தேவை. இன்று இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.