லித்தியத்தை நிறுத்தும் முன்

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் அந்த பைபோலார் நோயாளிக்கு ரத்தத்தில் லித்தியம் லெவல் 1.1 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) வந்திருக்கிறது, கை நடுங்குகிறது, மனநிலையைச் சீராக வைக்கும் அந்த மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. தற்கொலையைத் தடுப்பதில் அதற்குள்ள பலம் மற்ற மருந்துகளிடம் இல்லை.

முதலில் அந்த 1.1-ஐ நம்பலாமா என்று பார். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போயிருந்தால் அது கணக்கிலேயே சேராது. குழாயையும் விசாரி. சில பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரினே லித்தியம் உப்புதான்; ரத்தத்தில் இல்லாததையும் கூட்டிக் காட்டும்.

அளவு உண்மையென்றால் டோஸைக் குறை. நீண்டகாலப் பராமரிப்புக்கு 0.6 முதல் 0.8 போதும். சிறுநீரகம் சீராக இருந்தால் டோஸுக்கு ஏற்பவே லெவலும் நகரும்: 900 மில்லிகிராமில் 0.9 என்றால் 600-இல் ஏறக்குறைய 0.6. மாற்றியபின் ஒரு வாரம் கழித்துப் பரிசோதி, அதற்கு முன் வேண்டாம். முழு டோஸையும் ராத்திரி ஒரே வேளையாகக் கொடுத்தால் சிறுநீர் அதிகம் போகும் தொல்லை பலருக்குக் குறைகிறது. ஆனால் அதே டோஸுக்குக் காலை லெவல் சற்று ஏறித் தெரியும், பயந்துவிடாதே.

லெவல் ஏன் ஏறியது என்பதுதான் முக்கியம். சிறுநீரகம் லித்தியத்தை சோடியம் போலவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் இன்னும் அதிகமாகப் பிடித்து வைக்கும். பிரஷருக்காகத் திடீரென்று உப்பை நிறுத்தினாரா? லோசார்டன், எனலாப்ரில், தயசைடு போன்ற பிரஷர் மாத்திரை ஏதாவது சேர்ந்ததா? மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் லெவலை ஏற்றும்; அதை நோயாளிகள் மருந்தாகவே சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வீட்டாரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு உன்னை உடனே கூப்பிட வேண்டும். நடை தள்ளாடி, பேச்சு குழறினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பார்க்கிறாய், சரி. கால்சியத்தையும் சேர்த்துக்கொள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். டிஎஸ்ஹெச் ஏறினால் தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை கொடு, அதற்காக லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், விஷமேறிய அவசரம் இல்லாதவரை, குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறை. சட்டென்று நிறுத்தினால் மேனியா, அதாவது மனம் மிதமிஞ்சிக் கிளர்ந்தெழும் நிலை, திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

லேபில் எந்தக் குழாய், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுது.

அன்புடன்,
முரளி